முதலில் வரைபடம் இருக்கிறதா பாருங்கள்: பழைய வரலாற்று நூல் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எச். ஆர். பேட் எழுதி 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியரை (மாவட்டத்தின் வரலாறும் விவரங்களும் தொகுத்த அரசு நூல்) இன்று கைபேசியிலேயே படித்துவிடலாம். இணையத்தில் ஸ்கேன் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு எதற்காக வெயிலில் அலைந்து, தும்மிக்கொண்டு, பழைய பிரதியைத் தேட வேண்டும்? வாசகம் மட்டும் போதும் என்பவர்கள் தேட வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் எடுப்பவர்கள் மடிப்பு வரைபடங்களை அநேகமாக விரிப்பதில்லை, மடித்தபடியே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோயில் புகைப்படங்கள் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. மேலட்டை, பதிப்பாளர் விளம்பரப் பக்கம், பிழைதிருத்தச் சீட்டு ஆகியவை பல ஸ்கேன்களில் இருப்பதே இல்லை.

தாள் பிரதிக்கு இன்னும் மதிப்பிருப்பது இவற்றால்தான். சங்கடம் என்னவென்றால், பழைய புத்தகத்திலிருந்து முதலில் காணாமல் போகிறவையும் இவையே. அதனால் புதிதாகச் சேர்ப்பவர் கற்க வேண்டிய முதல் வித்தை குறையில்லாத பிரதியை அடையாளம் காண்பது. அபூர்வ நூலைக் கண்டுபிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லையைச் சுருக்குங்கள்

'தமிழக வரலாறு' என்று பொதுவாகத் தொடங்கினால் ஓராண்டில் அலமாரி நிறைந்துவிடும், சேகரிப்பு மட்டும் உருவாகியிருக்காது. ஒரு மாவட்டத்தையோ, ஓர் அரச மரபையோ, ஒரு நகரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை மாவட்டம். எது முழுமை என்று பட்டியல் போட முடிகிற பரப்பு அது.

திருநெல்வேலி என்றால் அடித்தளம் மூன்று நூல்கள்: ஏ. ஜே. ஸ்டூவர்ட்டின் மாவட்ட மேனுவல் (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881), பேட்டின் கெசட்டியர் (1917). மதுரைக்கு நெல்சன் (1868), டபிள்யூ. பிரான்சிஸ் (1906). சேலத்துக்கு லெ ஃபானுவின் மேனுவல் (1883), ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (1918). கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் (1887). தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் (1883), ஹெமிங்வே (1906). இவற்றைச் சுற்றித்தான் மற்றவை சேரும்.

இங்கேயே முதல் பொறியும் இருக்கிறது. லெ ஃபானு இரண்டு தொகுதி. ரிச்சர்ட்ஸின் முதல் தொகுதியே இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது. கெசட்டியர்களுக்குப் புள்ளிவிவரப் பின்னிணைப்பு என்று மெலிதான இரண்டாம் தொகுதி தனியாக வரும். பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாததால் அது தனியாகப் பிரிந்து எடைக்குப் போகிறது. அதைக் கண்டால் விடாதீர்கள். கிராமம், தாலுகா வாரியான கணக்குகளுக்காக ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.

தமிழ் நூல்களில் தி. வை. சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் நல்ல பயிற்சிக்களம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949, 1951, 1961 என்று மூன்று பகுதிகளாக வெளியிட்டது. மூன்றாம் பகுதி பத்தாண்டு கழித்து வந்ததால் முதலிரண்டை மட்டும் வைத்திருந்த வீடுகள் ஏராளம். மூன்றும் ஒரே இடத்தில் முதற்பதிப்பாகக் கிடைப்பது அரிது, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மூலப் பதிப்பில் தொடங்க வேண்டாம். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் உள்ள இரண்டாம் தொகுதி 1891இல் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேல் பகுதி பகுதியாக வந்தது. அப்பகுதிகளைச் சேர்ப்பதற்குள் பொறுமையும் பணமும் தீர்ந்துவிடும். தொல்லியல் துறையின் மறுபதிப்பு படிக்கப் போதுமானது.

விலை குறைவாகவும் உள்ளடக்கம் கனமாகவும் இருக்கிற இரண்டு வகைகளைச் சேகரிப்பாளர்கள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. ஒன்று, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பகுதியாக வந்த சென்னை மாநிலக் கோயில்கள் தொகுதிகளும் தனித்தனிக் கிராம ஆய்வு நூல்களும். அட்டை அரசாங்க அறிக்கை மாதிரி இருப்பதால் கடைக்காரரே ஒதுக்கிப் போட்டிருப்பார். இன்னொன்று கும்பாபிஷேக மலர்கள். பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரம்தான், ஆனால் மீதியில் வேறெங்கும் அச்சேறாத உள்ளூர்க் கல்வெட்டுச் செய்தியும் திருப்பணிக்கு முந்தைய புகைப்படங்களும் இருக்கும். அந்த நகைக்கடை விளம்பரமும் ஐம்பது ஆண்டு போனால் ஊர் வரலாறுதான்.

தேடப் போகுமுன்

தேடும் ஒவ்வொரு நூலுக்கும் கைபேசியில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். இணைய ஆவணக் காப்பகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஸ்கேனைத் திறந்து, முன்பகுதி எத்தனை பக்கம், நூல் எத்தனை பக்கம், படப்பட்டியலில் எத்தனை படம், எந்தப் பக்கத்துக்கு எதிரே, மடிப்பு வரைபடம் எத்தனை, வம்சாவளி அட்டவணை உண்டா, பிழைதிருத்தம் உண்டா என்று குறியுங்கள். ஸ்கேனிலேயே ஏதாவது விடுபட்டிருக்கலாம் என்பதால் பொருளடக்கத்தையும் படப்பட்டியலையும் நம்புங்கள், பக்கப் படங்களை எண்ணி முடிவுக்கு வராதீர்கள். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பு இதற்கு உதவும்.

முடிந்தால் ஒரு முறை நல்ல பிரதியை நேரில் பாருங்கள். சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் ஆகியவை இதற்கு ஏற்றவை. தாளின் நிறம், அட்டைமேல் ஒட்டிய காலிகோ துணியின் நிறம், முதுகில் எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறது என்று கண்ணில் பதிந்துவிட்டால் கடையில் பாதி வேலை குறைந்துவிடும்.

நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பல எழுத்துக்கூட்டலில் குறித்து வையுங்கள். சரித்திரம் என்று வந்த பண்டாரத்தார் நூல் பிற்பாடு வரலாறு என்ற பெயரில் அச்சாகிறது. வரலாற்றாசிரியர் மா. இராசமாணிக்கனார் பழைய அட்டைகளில் இராசமாணிக்கம் பிள்ளை என்று இருப்பார். இணையத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்குப் பாதிப் பிரதிகள் கண்ணிலேயே படாது.

எங்கே கிடைக்கும்

சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அதன் கடைக்காரர்கள் பலர் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். இப்போது அங்கே பாடப்புத்தகமே அதிகம், வரலாறு வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் மூட்டைகளைக் கேட்க வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் நடைபாதைக் கடைகளில் ஓய்வுபெற்ற பேராசிரியர், வழக்கறிஞர் வீட்டுச் சரக்கு வரும். திருச்சி மெயின்கார்டு கேட், கோவை உக்கடம், கொழும்பு மருதானை ஆகிய இடங்களிலும் பழைய புத்தகக் கடைகள் உண்டு. ஆங்கில வெளியீடுகளுக்குப் பெங்களூரு இன்னும் வளமான ஊர்.

உண்மையான சுரங்கம் பழைய பேப்பர் கடைதான். அங்கே விலை எடைக்கு. கடைக்காரரிடம் 'வரலாற்று நூல் வந்தால் சொல்லுங்கள்' என்றால் ஒன்றும் வராது. அவருக்கு எது வரலாறு என்று பிரிக்க நேரம் கிடையாது. 'கெட்டி அட்டை போட்ட பழைய புக், மேப் உள்ள புக், கோயில் மலர் எது வந்தாலும் தனியா எடுத்து வைங்க' என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுத்து வைத்திருந்தால், அதில் பாதி வேண்டாததாக இருந்தாலும் முதல் சில முறை மொத்தமாக வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எடுத்து வைக்க மாட்டார்.

போகிக்கு முந்தைய இரண்டு வாரம் வீடுகள் ஒழிக்கப்படும் காலம், தினமும் ஒரு நடை போய் வரலாம். பள்ளிகள் முடிந்து வீடு மாற்றும் மே மாதமும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதைச் சரக்கை வாங்க வேண்டாம். கையில் உலர்ந்ததாகத் தெரிகிற நூலும் உள்ளே ஈரம் குடித்திருக்கும், வீட்டுக்கு வந்து பத்து நாளில் பூஞ்சை தெரியும்.

இணைய விற்பனையில் படம் போடாத பிரதியை வாங்காதீர்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், வரைபடம் விரித்த நிலை, முதுகு, ஒரு நடுப்பக்கம் என்று ஐந்து படம் கேளுங்கள். 'நல்ல நிலை' என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் அகராதியிலும் ஒவ்வொரு பொருள்.

கடையில் பார்க்கும் முறை

பத்து நிமிடம் போதும். வரிசை மாறாமல் செய்யுங்கள், ஏனென்றால் பிடித்த நூலைக் கையில் எடுத்ததும் கண் குறைகளைப் பார்க்க மறுக்கும்.

1. பிரிக்குமுன் முகர்ந்து பாருங்கள். ஈரமண் வாசனை என்றால் பூஞ்சை உயிரோடிருக்கிறது. காய்ந்த தாளின் லேசான புளிப்பு வாசனையால் ஆபத்தில்லை.

2. மேசைமேல் தட்டுங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அது பழைய சேதமாக இருக்கலாம்.

3. கடைசி அட்டையின் உட்புறம் பாருங்கள். கெசட்டியர்களில் மாவட்ட வரைபடம் அங்கே ஒரு பையிலோ கடைசிப் பக்கத்தை ஒட்டியோ இருப்பது வழக்கம். பை இருந்து வரைபடம் இல்லையென்றால் அது குறைப்பிரதி. பையும் இல்லாமல் ஒட்டிய தடம் மட்டும் இருந்தாலும் அப்படியே.

4. படப்பட்டியலைத் திறந்து ஒவ்வொரு படமாக நேரில் தேடுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான படங்கள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகி, காய்ந்ததும் இறுகிவிடும். ஒட்டிய படங்களை யாராலும் முழுசாகப் பிரிக்க முடியாது, பிரித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் விரலை விடுமுன் தடுத்துவிடுங்கள்.

5. ஃபாரம் எண்ணுங்கள், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடித்துத் தைத்த பக்கக் கட்டுகளை. பக்கத்தின் அடியில் மூலையில் சிறிய எண்ணோ எழுத்தோ இருக்கும், 8 அல்லது 16 பக்கத்துக்கு ஒரு முறை வரும். அந்த வரிசை தொடர்ந்தால் பக்கங்கள் சரி. பக்க எண்ணை மட்டும் புரட்டிப் பார்த்தால் ஒரு ஃபாரம் இரண்டு முறை தைக்கப்பட்டு இன்னொன்று விடுபட்டிருப்பது கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய தமிழ் நூல்களில் இது அடிக்கடி நடந்திருக்கிறது.

6. உள்விளிம்பில், தையலை ஒட்டி, விரலை ஓட்டுங்கள். பிளேடால் அறுத்த பக்கத்தின் குறுகிய துண்டு தட்டுப்படும். படங்கள் திருடப்படுவது இப்படித்தான்.

7. ஒரு நடுப்பக்கத்தை மெதுவாக வளைத்து விடுங்கள். திரும்பிப் படிந்தால் நல்லது. முறுகிப் போயிருந்தால் அடுத்த வாசிப்பிலேயே உடையும். பக்க மூலையை மடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், நொறுங்கினால் நூலும் கெடும், கடைக்காரர் உறவும் கெடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தாள் தட்டுப்பாட்டின்போது அச்சான தமிழ் நூல்களில் கடைசிச் சோதனை பெரும்பாலும் தேறாது. மரக்கூழ்த் தாளில் மிஞ்சிய அமிலம் உள்ளிருந்தே அரிக்கிறது. மா. இராசமாணிக்கனாரின் பல்லவர் வரலாறு போன்று 1944இல் வந்த நூல்களில் பழுப்பேறாத பிரதியை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை, முழுமையாக இருந்தால் வாங்கிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கந்தல் துணித்தாளில் அச்சானவை வெண்மையாகவே இருப்பதைப் பார்த்துப் போலி என்று சந்தேகப்பட வேண்டாம்.

எந்த ஆண்டுப் பிரதி?

தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இல்லாத நூல்கள் தமிழில் நிறைய. இருக்கிறபோதும் தமிழ் ஆண்டுப் பெயராக இருக்கலாம். அறுபதாண்டுச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987இல் தொடங்கியது. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் போதும். தாது பத்தாவது ஆண்டு: 1876, 1936, 1996. 1876இன் தாது வருஷப் பஞ்சத்தை நினைவில் வைத்தால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்று சுற்றில் எது என்பதைத் தாளும் அச்செழுத்தும் சொல்லிவிடும். சித்திரையில் ஆண்டு பிறப்பதால், தாது வருடம் தை மாதம் என்றிருந்தால் அது 1877 ஜனவரி.

தமிழ் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்: ௲௮௱௭௰௬ என்றால் 1876. சக ஆண்டோடு 78ஐயும், கொல்லம் ஆண்டோடு 825ஐயும் கூட்டுங்கள். திருவள்ளுவர் ஆண்டில் 31ஐக் கழியுங்கள். ஓராண்டு முன்பின் வரலாம்.

ஆண்டே போடாத நூலுக்கு விலையும் முகவரியும் சாட்சி. அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு என்று கொள்ளலாம், அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது. நயா பைசா அல்லது ந.பை. என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரி 'சென்னை - 5' என்று முடிந்தால் பெரும்பாலும் 1972க்கு முன். ஆறிலக்க அஞ்சல் குறியீடு அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. 'சென்னை மாநிலம்' என்பது 1969க்கு முன். ணை, லை, னை, றா போன்றவை பழைய கொம்பு வடிவில் அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. சில அச்சகங்கள் பழைய அச்சுகளைப் பிறகும் பயன்படுத்தின என்பதால் இதை மட்டும் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையின் மேல் ஒட்டப்பட்ட சீட்டையும் ரப்பர் முத்திரையையும் கவனியுங்கள். அணா விலையை மறைத்து ரூபாய்ச் சீட்டு ஒட்டியிருந்தால் நூல் பழையது, விற்காமல் கிடந்த சரக்கு என்று பொருள். சேகரிப்பாளருக்கு அது நல்ல செய்தி, யார் கையும் அதிகம் படாத பிரதியாக இருக்கும்.

மறுபதிப்பை மூலம் என்று வாங்கிவிடாமல் இருக்க

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இது. ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் போன்ற பதிப்பகங்கள் காலனிக் கால நூல்களை அப்படியே படமெடுத்து மறுபதிப்பாக வெளியிட்டன. நல்ல பணிதான், படிப்பதற்கு அவற்றையே முதலில் வாங்கலாம். ஆனால் உள்ளே பழைய தலைப்புப் பக்கமும் 1909 என்ற ஆண்டும் அப்படியே இருப்பதால், தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஆங்கில மூலத்தின் ஏழு தொகுதிகளை '1909 ஒரிஜினல்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் அறியாமல் சொல்கிறார்கள், சிலர் அறிந்தே.

கண்டறிய எளிய வழி விரல்தான். 1970களுக்கு முந்தைய நூல்கள் பெரும்பாலும் ஈய எழுத்தில் அழுத்தி அச்சானவை. பக்கத்தின் பின்புறம் கண்ணை மூடித் தடவினால் எழுத்தின் புடைப்பு தெரியும். ஆஃப்செட் மறுபதிப்பில் தாள் வழவழவென்று இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் மறுபதிப்பின் எழுத்தோரம் தடித்துச் சிதைந்திருக்கும். புகைப்படங்களில் கறுப்பு வெள்ளைக்கு நடுவே இருக்க வேண்டிய சாம்பல் நிறங்கள் போயிருக்கும். மடிப்பு வரைபடம் சுருங்கி ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தாலோ, நிறம் போயிருந்தாலோ சந்தேகமே வேண்டாம். ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் 1970க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, அது 13 இலக்கம் என்றால் அநேகமாக 2007க்குப் பிந்தையது.

தமிழ் நூல்களில் வேறொரு குழப்பம். பண்டாரத்தார், இராசமாணிக்கனார், மயிலை சீனி. வேங்கடசாமி ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒவ்வொரு பதிப்பகமும் தான் அச்சிட்டதை 'முதற்பதிப்பு' என்று போட்டுக்கொள்கிறது. அந்தச் சொல்லை நம்பாமல் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் முன்னுரையும் படங்களும் பெயர் அகராதியும் நீக்கப்பட்டிருக்கும். ஆய்வுக்குப் பயன்படும் பாகமே போய்விட்டதென்றால் மலிவு என்ன மலிவு?

எல்லா நூலிலும் முதற்பதிப்பே சிறந்தது என்றும் இல்லை. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935, 1937இல் முதலில் வந்தது, 1955இல் திருத்தப்பட்டு ஒரே தொகுதியாயிற்று. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 1955 பதிப்பின் பக்க எண்ணையே அடிக்குறிப்பில் தருவதால், பயன்படுத்துவதற்கு அதுவே வசதி. முதற்பதிப்பு ஆசைக்கு.

விலை

விற்பனைத் தளங்களில் தெரியும் விலை விற்பவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. கடைக்காரரும் அதே திரையைத்தான் காட்டிப் பேசுவார். அப்போது வாதாடாமல் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்: வரைபடம் இல்லை, இரண்டு படம் இல்லை, அட்டை மாற்றியது. பேரத்தில் எடுபடுவது அதுதான். வரைபடம் இல்லாத கெசட்டியருக்கு முழுப் பிரதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. மறுபதிப்பு அதைவிட மலிவாகக் கிடைக்குமென்றால் அதுவும் கொடுக்க வேண்டாம்.

தொகுதி நூல்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதிகள் சுலபமாகக் கிடைக்கும், கடைசித் தொகுதிகளுக்குத்தான் அல்லாட வேண்டும். ஆகவே பின்தொகுதி கண்ணில் பட்டால் அதை முதலில் வாங்குங்கள். லவ் எழுதிய பழைய சென்னை வரலாறு (1913) மூன்று தொகுதி என்று விற்கப்பட்டால் நான்காவதைக் கேளுங்கள். பெயர், இடக் குறிப்பகராதி தனித் தொகுதி, அது இல்லாமல் மற்ற மூன்றில் எதையும் தேடி எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபின்

வாங்கி வந்ததும் அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு பூச்சிபிடித்த நூல் வரிசை முழுவதையும் கெடுத்துவிடும். முதலில் மொட்டைமாடியிலோ திறந்த வராந்தாவிலோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசு தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். நேர் வெயிலிலும் காயவைக்காதீர்கள், தாள் இன்னும் பழுக்கும், அட்டை வளையும். நிழலில் மின்விசிறி போதும்.

பூச்சி இருக்கிறதென்ற சந்தேகம் வந்தால் உறைபெட்டி சிறந்த மருந்து. நூல் உலர்ந்த பிறகு தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பையிலும் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர்த்துளி படியும். இதில் புழுவும் முட்டையும் சாகும். பூஞ்சை சாகாது, உறங்கும். அதற்கு உலர்த்துவது ஒன்றே வழி.

இராமபாணப் பூச்சி பசையையும் மாவையும் தேடி வருகிறது, புழு தாளைத் துளைக்கிறது, செல் (கறையான்) சுவர் வழியாக ஏறுகிறது. செல்லுக்காகவே அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரத்தில் இருக்கட்டும், மழைவெள்ளத்துக்கும் அது உதவும். நாப்தலின் உருண்டை மனிதருக்கும் கேடு, அறையில் மணம் தங்கும் அளவுக்குப் போட்டாலும் பூச்சியை முழுமையாக ஒழிக்காது. வசம்பும் வேப்பிலையும் போடுவதில் தவறில்லை, ஆனால் இலையைத் தாளுக்குள் வைக்காதீர்கள், கறை படியும்.

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. 45 முதல் 55 விழுக்காடு நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். கடலோர ஊர்களில் அந்த அளவுக்கு இறக்க முடியாது, காற்றோட்டத்தை நம்ப வேண்டியதுதான். இரும்பு பீரோவில் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பூட்டிய பீரோவுக்குள் வெளியைவிட ஈரம் தேங்கும், வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து வையுங்கள்.

ஒட்டுவதும் பைண்டு செய்வதும்

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஃபெவிகாலும் கூடாது, பிறகு பிரிக்க வழியில்லை. கிழிசலுக்குக் கோதுமை மாப்பசையும் ஜப்பானியத் தாளும் வேண்டும். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கிண்டினால் கண்ணாடி போலத் தெளியும். ஆறவைத்து வடிகட்டுங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் அளவு மெல்லிய ஜப்பானியத் தாளை வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்து அரை சென்டிமீட்டர் அகல நாடாவாக்குங்கள். இழைகள் நீண்டிருக்கும் ஓரமே பிடித்துக்கொள்ளும். மெலிதாகப் பசை தடவி ஒட்டி, இரு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான நூல் ஏற்றி, மறுநாள் வரை விடுங்கள். முதலில் மதிப்பில்லாத நூலில் பழகுங்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்குமுன் இரு முறை யோசியுங்கள். தையல் உறுதியாக இருந்தால் அட்டை தொங்கினாலும் பருத்தி நாடாவால் கட்டி வைப்பது மேல். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பைண்டரிடம் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: மூன்று பக்கமும் கட்டிங் போடக்கூடாது, பழைய மேலட்டையும் விளம்பரப் பக்கமும் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், மடிப்பு வரைபடத்தைத் தையலுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாயால் சொன்னால் மறந்துவிடுவார். ஓரம் சமமாக வெட்டித் தருவதுதான் அவர் தொழில் சுத்தம், அவரைக் குறைசொல்ல முடியாது. ஓரம் வெட்டினால் பழைய வாசகர் எழுதிய குறிப்பும், ஓரம்வரை அச்சான அட்டவணையின் எண்ணும் போய்விடும்.

முத்திரையும் சட்டமும்

நூலக முத்திரை இருந்தாலே திருட்டு நூல் என்றில்லை. நூலகங்கள் கழித்துக்கட்டிய நூல்களும் விற்பனைக்கு வருகின்றன. 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோ, பதிவெண்ணைக் கோடிட்டு அடித்த தடமோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், குறிப்பாக முத்திரையைச் சுரண்டியோ பக்கத்தை வெட்டியோ எடுத்திருந்தால், விட்டுவிடுங்கள். முடிந்தால் அந்த நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

புத்தக மூட்டையோடு ஓலைச்சுவடியோ கையெழுத்து ஆவணமோ வந்தால் அது வேறு கணக்கு. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சுவடி என்றால் உ.வே.சா. நூலகத்தையோ தஞ்சை சரசுவதி மகாலையோ அணுகுங்கள். மிகப் பழைய அச்சுநூலை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதாக இருந்தாலும் அஞ்சலில் சேர்க்குமுன் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் பிரதியை நீங்களே ஸ்கேன் எடுத்து இணையத்தில் போட விரும்பினால், ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நூல் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும். எடுக்கும்போது வரைபடத்தை விரித்து எடுங்கள்.

நூலுக்குள் எழுத வேண்டியிருந்தால் 2பி பென்சிலால் கடைசி வெற்றுத்தாளில் மட்டும்: வாங்கிய இடம், தேதி, விலை, என்னென்ன குறை. அதையே கணினியில் ஒரு விரிதாளிலும் ஏற்றுங்கள். இரண்டாவது பிரதி கிடைக்கும் நாளில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முடிவு செய்ய அந்தக் குறைக் குறிப்பு வேண்டும். குறைப்பிரதி என்பதற்காக உடனே விற்றுவிடாதீர்கள். வரைபடம் மட்டும் பிழைத்த ஒரு சிதைந்த பிரதி பிறகு எடைக்கு வந்து சேரலாம், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு நூல் கிடைக்கும். அப்படிச் சேர்த்ததையும் பென்சிலால் அங்கேயே குறித்துவிடுங்கள், அடுத்து வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.